தேசிக்காய்ச் சங்கத்துக் குடம்

இரத்தினம்மா குடத்தை விரல் மடித்துத் தட்டிப் பார்த்தாள். குடம் கணீரென்றது.

"இது உடையாது தம்பி. மாத்திக்கொண்டு வா."

கதிரவேலு சைக்கிளை இன்னும் ஸ்ராண்டில்கூட விடவில்லை. முற்றத்துப் பந்தலுக்குள் அப்பா பரமலிங்கம் வேட்டி சால்வையோடு கிடந்தார். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாக்குக் கட்டிலில் சரிந்தவர் எழும்பவில்லை. பறைமேளக்காரர் வேலியோரம் பனையோலையைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். தலைமாட்டில் இருந்து அழ வேண்டிய அம்மாவோ குசினி வாசலில் நின்று, சந்தையில் பூசணிக்காய் தெரிந்தெடுக்கிற மாதிரி மண்குடம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வாங்கிற குடம்தானம்மா."

"எல்லாற்றை மனிசனும் குடத்தை வைச்சு விளையாடேல்லை. மெல்லிசாப் பாத்து எடு. விழுந்த உடனை உடையவேணும். உடைஞ்சதோ எண்டதை நீதான் வந்து எனக்குச் சொல்லவேணும். மாமாவை நான் கேக்கமாட்டன். அவன் ஆறுதலுக்குப் பொய் சொல்லுவான்."

சொல்லும்போதே அவள் கண் மேற்கு வேலிக்கு அப்பால் போய் வந்தது. அங்கே அயல் வீட்டு விறாந்தையில் கதிரவேலுவின் மனைவி அருந்ததி இருந்தாள். கல்யாணம் முடித்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை, இப்போது ஏழு மாதம். புருஷனுக்கு மூச்சு நின்ற கையோடு இரத்தினம்மா செய்த முதல் வேலை, மருமகளை வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் அங்கே அனுப்பி வைத்ததுதான். அழுகையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் சுடலைக்குப் போகக் கூடாது என்பார்கள். ஆனால் இருப்பது ஒரே மகன். அவன் போகாமல் யார் கொள்ளி வைப்பது? அதனால் அம்மாவின் பயம் முழுக்க அந்தக் குடத்தில் வந்து குந்திவிட்டது. மகன் குடத்தைத் தோளில் வைத்துச் சிதையை மூன்று தரம் சுற்றி, திரும்பிப் பாராமல் பின்பக்கம் போடுவான். அது விழுந்து உடைந்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது. உடையாவிட்டால் என்ன வருமென்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பினான்.

குடத்துக்கும் அப்பாவுக்கும் உள்ள சங்கதி சண்டிலிப்பாய் முழுக்கத் தெரிந்ததுதான்.

பரமலிங்கம் புகையிலைத் தோட்டக்காரர். நிலத்தில் நின்றபடி புகையிலைச் சிப்பத்தை வண்டிலின் உச்சிக்கு எறிவதில் விண்ணர். ஐம்பதுகளில் இந்தியாவிலிருந்து ஒரு சர்க்கஸ் வந்து முற்றவெளியில் கூடாரம் அடித்தது. அதில் ஒருவன் ஐந்து பந்தை ஒன்றன்பின் ஒன்றாக மேலே எறிந்து, ஒன்றும் கீழே விழாமல் பிடித்துப் பிடித்து எறிந்தான். "இதென்ன பெரிய வேலையே" என்று பரமலிங்கம் சொன்ன அதே கணத்தில் பக்கத்தில் நின்ற ஓர் ஆளும் அதையே சொன்னார். அந்த ஆள் குருநகர் யாகப்பு, வீச்சுவலைக்காரர். இரண்டு பேரும் வெளியே வந்து தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வாங்கி எறிந்து பார்த்தார்கள். பெரிய வேலைதான் என்று உடனேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு பேரும் அதை விடவில்லை.

அடைக்கலநாதனும் நடராசாவும் சேர்ந்து நாலு பேரானதும் யாழ்ப்பாணம் எறிவித்தைச் சங்கம் என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் நாலு பேர் ஒன்றாய் நின்றால் சங்கம் வைக்காமல் கலைய மாட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் போக, மிஞ்சிய ஒரே உறுப்பினர் யாகப்புதான். சங்கத்துக்கு ஒரேயொரு விதி இருந்தது. கீழே விட்டவன்தான் விழுந்ததைப் பொறுக்க வேண்டும், மற்றவன் குனியக் கூடாது. ஊர்ச்சனம் அந்த நீளப் பெயரையெல்லாம் வாயில் வைக்கவில்லை. தேசிக்காய்ச் சங்கம் என்றது.

கோயில் திருவிழாக்களில் சின்னமேள ஆட்டத்துக்கும் நாடகத்துக்கும் இடையில் கூப்பிடுவார்கள். தேவாலயப் பெருநாளில் கூப்பிடுவார்கள். காணிவேலில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடை கிடைக்கும். கட்டையும் பந்தும் நிறைந்த சாக்கோடு கடைசி பஸ்ஸில் போய், முதல் பஸ்ஸில் வந்து, வந்த கையோடு பரமலிங்கம் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுவார், யாகப்பு கடலுக்குப் போவார்.

கடைசி வித்தைதான் குடம். பரமலிங்கம் மண்குடத்தைத் தோளில் வைத்து மேடையைச் சுற்றி நடப்பார். யாகப்பு பின்னால் நிற்பார். திடீரென்று, ஒரு சொல்லும் சொல்லாமல், திரும்பியும் பாராமல், பரமலிங்கம் குடத்தைத் தோளுக்கு மேலால் பின்னே எறிவார். எப்போது எறிவார் என்று மேளக்காரனுக்கே தெரியாது. யாகப்புவுக்கு மட்டும் எப்படியோ தெரியும். ஒற்றைக் கையால் குடத்தின் கழுத்தைப் பிடிப்பார். ஒருநாளும் விட்டதில்லை.

ஓர் அம்மன் கோயிலில் ஒரு கிழவி எழும்பி, "சுடலை வேலையை அம்மாளாச்சிக்கு முன்னாலை காட்டுறியளோ" என்று சத்தம் போட்டாள். சிரித்தவர்களும் உண்டு. அடுத்து வந்த தை மாதம் கதிரவேலுவின் தங்கச்சி, தவழத் தொடங்கிய பிள்ளை, காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் செத்துப்போனாள். குடத்தால்தான் என்று இரத்தினம்மா சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "இனி மண்குடம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். பரமலிங்கம் பித்தளைக் குடம் வாங்கினார். பித்தளை விழுந்தால் நெளியும், உடையாது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க அதில் ஒன்றுமில்லை. கைதட்டல் குறைந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு இரவுத் திருவிழாவும் போய்விட, சங்கம் சாக்கைக் கட்டிப் பரணில் போட்டது. அடைக்கலநாதன் கனடாவுக்குப் போனார். நடராசா நெஞ்சுநோவில் போனார்.

கதிரவேலுவுக்கு இரண்டு தேசிக்காயைச் சேர்த்து எறியவே வராது. "உனக்குக் கொம்மாவின்ரை கை" என்று அப்பா ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வராது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அது அவனுக்கு முப்பத்தைந்து வயதிலும் மறக்கவில்லை. அவன் இப்போது கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அவனும் ஒரு சங்கத்தில்தான் இருக்கிறான் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

அவன் இரண்டாவது குடத்தோடு வந்தபோது யாகப்பு வாசல் படலையடியில் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தார். குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபின் மகளோடு அரியாலையில் இருக்கிறார். கடலுக்குப் போகத் தடை. பொம்மர் போட்ட குண்டொன்றில் இடது காது போய்விட்டது, வலது காதும் அரைவாசிதான். ஹாண்டிலில் கொழுவியிருந்த பையிலிருந்து கடதாசி சுற்றிய போத்தல் ஒன்றை எடுத்தார்.

"மண்ணெண்ணெய் தம்பி. ஈர விறகெண்டா உதவும்."

கரண்ட் இல்லாத மூன்றாம் வருஷம் அது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ஆட்கள் சண்டை பிடித்த காலம். அதை யாரிடம் எப்படி வாங்கினாரென்று கதிரவேலு கேட்கவில்லை.

யாகப்பு போய்ப் பிரேதத்தின் காலடியில் நின்றார். அழவில்லை, கும்பிடவும் இல்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். இரத்தினம்மா அவரைக் கண்டாள். மண்குடம் நிறுத்தின காலத்திலிருந்தே அவரோடு அவளுக்குப் பேச்சுக் குறைவு. "வந்தியளோ" என்றாள். "ஓம் தங்கச்சி" என்றார். அவள் புதுக் குடத்தை வாங்கித் தட்டினாள். இது மந்தமாகக் கேட்டது.

"இது காணும்," என்றாள்.

பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். சுடலை கிட்டத்தான், வயற்கரையோடு ஒரு திருப்பம். விறகில் பாதி ஈரம். யாகப்பு போத்தலோடு சிதையைச் சுற்றி, ஈரமான கட்டையாகப் பார்த்து எண்ணெயைச் சிந்திக்கொண்டிருந்தார்.

நாவிதர் தண்ணீர்க் குடத்தைக் கதிரவேலுவின் தோளில் ஏற்றி, கொள்ளியை மற்றக் கையில் கொடுத்தார். முதல் சுற்று. கத்தி நுனியால் குடத்தில் ஒரு கொத்து விழுந்தது. தண்ணீர் முதுகில் வடிந்தது. இரண்டாம் சுற்று, இரண்டாம் கொத்து. குடம் மெல்லிசுதான், கத்தி பட்டதும் கிர்ரென்றது. சுற்று முடியமுன் கையிலேயே உடைந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம் வந்தது. அம்மாவுக்கு அதையும் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாம் சுற்றில் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிச் சத்தம் கேட்டது. சனம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வேப்பமரத்தின் கீழ் ஓடியது. அம்மாவின் தம்பி தம்பிராசா மாமா மரத்தடியில் நின்று கத்தினார்.

"கெதியாப் போட்டிட்டுக் கொள்ளியை வை தம்பி. திரும்பிப் பாக்காதை."

கதிரவேலு சிதையின் தலைமாட்டில் முதுகு காட்டி நின்றான். மூச்சை இழுத்தான். குடத்தைப் பின்னால் விட்டான்.

கண்ணாடிப் போத்தல் ஒன்று மண்ணில் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் காத்து நின்றான். குடம் விழுந்தால் கேட்க வேண்டும். மெத்தென்ற மணலில் விழுந்தாலும் ஏதாவது கேட்க வேண்டும். ஹெலியின் சத்தத்துக்கு நடுவே தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது. அது மண்ணில் விழுகிற சத்தம் இல்லை, துணியில் விழுகிற சத்தம். மரத்தடியில் யாரோ சிரிக்கத் தொடங்கி அதை இருமலாக மாற்றினார்கள்.

"யாகப்பர், என்ன வேலை பாத்தனியள்," என்றார் தம்பிராசா.

"ஐயோ," என்றது யாகப்புவின் குரல், அவன் முதுகுக்கு நேர் பின்னால். எல்லோரும் ஓடியபோது செவிடர் ஓடவில்லை. தலைமாட்டுக் கட்டைக்கு எண்ணெய் விட்டு முடித்து நிமிர்ந்திருக்கிறார். "தம்பி, நீ திரும்பாதை. நீ திரும்பிப்போடாதை."

கதிரவேலு திரும்பவில்லை. ஆனால் கண்ணால் கண்ட மாதிரி எல்லாம் விளங்கிவிட்டது.  அருந்ததியை நினைத்தான்.

"கீழை விடுங்கோ ஐயா," என்றார் நாவிதர். "கையை எடுங்கோ."

"விடுறன். விடுறன்."

ஆனால் அவர் விடவில்லை. தண்ணீர் வடிந்துகொண்டேயிருந்தது. விடச் சொல்வது லேசு. அந்த மனிதர் வாழ்நாளில் அந்த வேலையை மட்டும் பழகியிருக்கவில்லை.

"யாகப்பு மாமா," என்றான் கதிரவேலு, முன்னால் கிடந்த வயலைப் பார்த்தபடி, அவர் காதில் விழுகிற அளவுக்கு உரத்து. "விடுங்கோ."

குடம் உடைந்தது. மெல்லிய குடம், ஒரேயடியாக உடைந்தது. ஓட்டுத் துண்டுகளை யாரோ கூட்டுகிற சத்தமும், "பொறுக்காதேங்கோ ஐயா, அது கிடக்கட்டும்" என்று நாவிதர் சொல்வதும் கேட்டது. பிறகு நாவிதரே அவன் கையைப் பிடித்துப் பின்பக்கமாகக் கொள்ளியை வைப்பித்தார். மண்ணெண்ணெய் பட்ட விறகு குப்பென்று பிடித்தது. அவன் திரும்பிப் பாராமல் நடந்தான். ஹெலி கடல் பக்கம் போய்விட்டது.

வயற்கிணற்றில் எல்லோரும் தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றித் தோய்ந்தார்கள். யாகப்பு வேதக்காரர், கிறிஸ்தவர், அதனால் தோயவில்லை. வரம்பில் தள்ளி நின்றார். வீட்டுக்கு நடக்கும்போது கதிரவேலுவின் பக்கத்தில் வந்தார்.

"கொம்மாவுக்கு என்ன சொல்லப்போறாய்?"

"உடைஞ்சது எண்டுதான்."

"உடைஞ்சதுதானே."

"ஓம்."

வரம்பிலிருந்து தெரு ஒழுங்கைக்கு ஏறியதும் யாகப்பு நடையைத் தளர்த்தினார்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை தம்பி. கொப்பர் சொல்லிப்போட்டு எறியிறவரில்லை. எறியமுன்னம் குடமிருக்கிற தோள் ஒரு சொட்டு இறங்கும். ஒருத்தருக்கும் தெரியாது. அந்தத் தோளைத்தான் நான் பாத்துக்கொண்டு நிப்பன்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "நிமிர்ந்து பாத்தன். உன்ரை தோள் இறங்கினது. அவற்றை தோள் மாதிரியே. எனக்குச் சுடலை எண்டதே மறந்துபோச்சு."

கதிரவேலுவின் கை தானாகப் போய்த் தோளைத் தொட்டது. கை அம்மாவினுடையது என்று சொன்ன அப்பா, தோளைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது, தன் முதுகை யார் பார்த்தார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து வராத அழுகை அவனுக்கு அந்த ஒழுங்கையில் வந்தது. யாகப்பு கூடவே நடந்தார்.

வீடு கழுவி முடிந்திருந்தது. மற்றப் பெண்கள் முன்பக்கம் இருக்க, இரத்தினம்மா தோய்ந்து ஈரத் தலையோடு பின்வளவுக் கிணற்றடியில் நின்றாள். சோப்பு, சவுக்காரம் ஒன்றும் கிடைக்காத நாட்கள். கிணற்றுக் கட்டின் மேல் தலைக்குத் தேய்க்கத் தேசிக்காயும் ஒரு கத்தியும் இருந்தன. மகனைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"உடைஞ்சதோ?"

"உடைஞ்சதம்மா."

"ஒரே தரத்திலையோ?"

"ஓம்."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, வாழையடியில் நின்ற யாகப்புவைப் பார்த்தாள்.

"எல்லாரும் தலை ஈரமா வந்திருக்கினம். உங்களுக்குத் தலை காஞ்சு கிடக்கு, நெஞ்சு மட்டும் நனைஞ்சிருக்கு," என்றாள். "யாகப்பு அண்ணை, இஞ்சை வாங்கோ."

அவர் வந்தார்.

"பிடிச்சனீங்களோ?"

யாகப்பு நிலத்தைப் பார்த்தார். "பிடிச்சுப்போட்டன் தங்கச்சி."

கதிரவேலு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது குழறி அழுவாள், தலையில் அடிப்பாள், முன்பக்கச் சனமெல்லாம் ஓடிவரும், வேலிக்கு அப்பால் அருந்ததிக்குக் கேட்கும். அதை எப்படி மறிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. இரத்தினம்மா ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"ஒரு கையோ, ரெண்டு கையோ?"

"முந்தி ஒரு கை. இண்டைக்கு ரெண்டு கை. வயசு போச்சு."

"தண்ணியோடையோ?"

"அரைக்குடம் இருந்தது."

"பேந்து?"

"பேந்து விட்டன்."

"நீங்களோ விட்டனீங்கள்?"

"நான்தான். தம்பி விடச் சொன்னவன். விட்டன். தூளாப்போச்சு."

 கிணற்றுத் துலாவில் வந்திருந்த காகம் ஒன்று எழும்பிப் போனது.

"நான் ஒருநாளும் அதைப் பாக்கேல்லை," என்றாள். "அந்தாள் குடத்தைத் தோளிலை வைச்ச உடனை கண்ணை மூடிப்போடுவன். சனம் கைதட்டின பிறகுதான் துறப்பன். பிள்ளை போன பிறகு சபைக்கே வரேல்லை."

கதிரவேலு பிறந்து வளர்ந்த வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றி அம்மா வாய் திறந்து அவன் கேட்டது இதுதான் முதல் தரம். யாகப்பு தலையை ஆட்டினார்.

இரத்தினம்மா மேற்கு வேலியடிக்குப் போய்ப் பொட்டுக்குள்ளால் குரல் கொடுத்தாள்.

"அருந்ததி, எழும்பி வா பிள்ளை. எல்லாம் முடிஞ்சுது. பாத்து வா, நிலம் வழுக்கும்."

திரும்பி வந்தபோது யாகப்பு புறப்பட ஆயத்தமாக நின்றார்.

"தோய்ஞ்சிட்டுப் போங்கோ."

"நாங்கள் வேதக்காரரல்லோ தங்கச்சி. எங்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு இல்லை."

"உங்களுக்கும் இருக்கு," என்றாள்.

அவள் கிணற்றுக் கட்டின் மேலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தாள். கொண்டுபோய்க் கையில் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து எறிந்தாள். எறியத் தெரியாத கை. தேசிக்காய் கோணலாக, தலைக்கு மேலே உயர்ந்து போனது. அவள் கண்ணை மூடவில்லை. அது மேலே போவதையும், யாகப்புவின் வலது கை அவரைக் கேளாமலே எழும்பி அதை எடுப்பதையும் கடைசிவரை பார்த்தாள்.

பிடித்த கை அடுத்த எறிக்கு ஓங்கியது. எப்போதும் பரமலிங்கம் நிற்கிற தூரத்தில் வாழைகள் மட்டும் நின்றன. யாகப்பு கையைத் தாழ்த்தி, கிணற்றுக் கட்டிலிருந்த கத்தியை எடுத்துத் தேசிக்காயை இரண்டாக வெட்டினார்.